வலைப்பூ வழியே மக்கள் தொடர்புப் பாடம்

மக்கள் தொடர்பு என்றதும் முதலாமாண்டு மாணவருக்கு நினைவுக்கு வருபவர் சினிமா பி.ஆர்.ஓ.தான். வகுப்பில் அந்த எண்ணத்தைத் திருத்த அவசரப்பட வேண்டாம், அங்கிருந்தே தொடங்கலாம். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று சொல்லப்படும் பிலிம் நியூஸ் ஆனந்தன், 1958-ல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு அந்த வேலையைச் செய்தவர். பழைய படம் எந்த ஆண்டு வந்தது, யார் இசை, யார் தயாரிப்பு என்று சந்தேகம் வந்தால் பத்திரிகைக்காரர்கள் அவரைத்தான் கேட்டார்கள். இவர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் இந்தத் தொழிலின் கைமுதல்.

அதை நோட்ஸ் கொடுத்து வரவழைக்க முடியாது. அசைன்மென்ட்டை ஆசிரியர் ஒருவர்தான் படிக்கிறார், அவரும் மதிப்பெண் போடப் படிக்கிறார். வலைப்பூவில் எழுதினால் விஷயத்தோடு சம்பந்தப்பட்டவர் படிப்பார், தவறு இருந்தால் கேட்பார். அதனால்தான் அறிமுகப் பாடத்தையே வலைப்பூவில் நடத்தும்படி இளம் ஆசிரியர்களிடம் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் யாரையும் எழுதவிடாதீர்கள். யாருக்காக எழுதுகிறாய் என்று கேட்டால் பெரும்பாலும் ‘எல்லோருக்கும்’ என்றுதான் பதில் வரும். அதை ஏற்க வேண்டாம். விடுதியில் புதிதாகச் சேர்ந்த மாணவிகள், கல்லூரிப் பேருந்தில் தினமும் வந்துபோகிறவர்கள், ஊர்க் கிளை நூலகத்தின் உறுப்பினர்கள் என ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பருவம் முழுக்க அவர்களுக்காக மட்டும் எழுதட்டும். எழுதும் முன் அவர்களில் பத்துப் பேரிடமாவது நேரில் பேசவேண்டும். இப்போது யார் மூலம் தகவல் வருகிறது, எது வராமல் போகிறது, என்ன வதந்தி சுற்றுகிறது என்று குறித்துவரட்டும். மக்கள் தொடர்புப் பாடநூல் எழுதிய ஜான் மார்ஸ்டன் 1963-ல் வகுத்த ஆய்வு, செயல், தொடர்பு, மதிப்பீடு என்ற நான்கு படிகளைப் பிறகு கரும்பலகையில் எழுதுங்கள். தகவல் சொல்வது அதில் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது என்பதை அலைந்து திரிந்து வந்தவர்கள் தாமாகவே கவனிப்பார்கள்.

அடுத்து, நான் ஒருபோதும் விட்டுவிடாத ஒரு பயிற்சி. அறிவிப்புப் பலகையில் எல்லோரும் பார்த்திருக்கும் வாசகத்தைக் கொடுங்கள்: “தவிர்க்க முடியாத காரணங்களால் இன்று மாலை பேருந்து இயக்கப்படமாட்டாது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.” எந்தப் பேருந்து? என்ன காரணம்? வாசலில் நிற்கும் பெண் எப்படி வீட்டுக்குப் போவாள்? நாளைக்கு உண்டா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிய பிறகு அதே அறிவிப்பு இப்படி மாறும்: “7-ம் எண் பேருந்து இன்று மாலை 4.30-க்குப் புறப்படாது, பிரேக்கில் பழுது. அந்த வழியில் போகிறவர்கள் 3-ம் எண் பேருந்தில் ஏறிப் பேருந்து நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். நாளைக் காலை வண்டி உண்டா என்பதை இரவு 8 மணிக்குள் இங்கே சொல்கிறோம்.”

கடைசி வரியில் கொஞ்சம் நில்லுங்கள். இன்னும் தெரியாத ஒன்றை எப்போது சொல்வோம் என்று அது வாக்குக் கொடுக்கிறது. எட்டு மணிக்கு மெக்கானிக்கிடமிருந்து தகவல் வராவிட்டாலும் ‘இன்னும் தெரியவில்லை, காலை 6 மணிக்குச் சொல்கிறோம்’ என்றாவது பதிவிட்டாக வேண்டும். நெருக்கடிக் காலத் தொடர்பின் பாதி இந்த ஒரு வரியில் இருக்கிறது. மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடியான ஐவி லீயின் கதையை இங்கே சொன்னால் மனதில் தங்கும். 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் கவிழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மூடி மறைக்காமல் ரயில் நிறுவனமே நிருபர்களுக்கு அறிக்கை கொடுக்கும்படி செய்தவர் அவர். முதல் பத்திரிகைச் செய்திக்குறிப்பு என்று பலரும் குறிப்பிடுவது அதைத்தான்.

பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கட்டும். வசவையும் பிறரின் சொந்த விவரங்களையும் நீக்கலாம், குறை சொன்னதற்காக எதையும் நீக்கக்கூடாது. ஒரு நாளுக்குள் பதில் போகவேண்டும். பதிவில் பிழை இருந்தால் சத்தமில்லாமல் மாற்றாமல், என்ன தவறு, எப்போது திருத்தினோம் என்பதை மேலேயே எழுதவேண்டும். மாணவர்களுக்கு மிகவும் கசக்கும் விதி இதுதான், தளர்த்திவிடாதீர்கள்.

பருவத்தின் நடுவில் மேகி நூடுல்ஸ் விவகாரத்தை எடுங்கள். ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாகச் சொல்லி 2015 ஜூன் 5-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. ஆகஸ்ட் 13-ல் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து மறுசோதனைக்கு உத்தரவிட்டது. நவம்பரில் மேகி மீண்டும் கடைக்கு வந்தது. ஒவ்வொரு தேதியிலும், அலமாரியில் ஒரு பாக்கெட் வைத்திருக்கும் தாய்க்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நூறு சொல்லில் எழுதச் சொல்லுங்கள். நிறுவனத்தைத் தாக்குவதோ காப்பதோ வேலையில்லை என்பது அதற்குள் பிடிபட்டுவிடும்.

எந்த மொழியில் எழுதுவது? படிக்கிறவர் மொழியில்தான். மக்கள் தொடர்பு என்றால் ஆங்கிலம் என்ற நினைப்பு நம் கல்லூரிகளில் வேரோடியிருக்கிறது. வேலைக்குப் போனால் செய்திக்குறிப்பு தமிழ் நாளிதழ்களுக்கும் போகவேண்டும். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்த குறிப்பை உதவி ஆசிரியர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். தமிழில் நேரடியாக எழுதப் பழகியவருக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

சில எச்சரிக்கைகள். பெயரும் படமும் போட்டே எழுதவேண்டும் என்று யாரையும், குறிப்பாக மாணவிகளை, கட்டாயப்படுத்தாதீர்கள். புனைபெயர் போதும், யார் எழுதுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்தால் சரி. மற்றவர் படத்தைக் கேட்காமல் போடக்கூடாது. இலவசமாகச் சாப்பாடு கொடுத்த கடையைப் பற்றி எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021-லேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் நண்பர்கள் கூட்டமாக வந்து சொடுக்கிவிட்டுப் போவார்கள். பதிவோடு ஒரு பக்கக் குறிப்பு வாங்குங்கள்: யாரிடம் பேசினேன், என்ன மாறும் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் என்ன நடந்தது. மென்பொருள் எழுதிக்கொடுத்த பதிவும் இந்தக் குறிப்பில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். பருவத்துக்கு எட்டுப் பதிவுகள் தாராளம்.

பருவம் முடியும்போது வலைப்பூவை அப்படியே விட்டுவிட்டுப் போகவிடாதீர்கள். இதோடு நிறுத்துகிறோம், இனி இந்தத் தகவலுக்கு இன்னாரைக் கேளுங்கள் என்று வாசகருக்கு ஒரு கடைசிப் பதிவு வேண்டும். பக்கத்தைத் திறந்து வைப்பதா மூடுவதா என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். திறந்து வைத்தால், காலாவதியான பேருந்து நேரங்களை முதலில் அழிக்கச் சொல்லுங்கள்.