பாதியில் மூடிய புத்தகம்

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் நூலகத்திலிருந்து ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை இரவல் வாங்கி வந்தேன். 2022ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தை இரண்டு முறை பார்த்தவன் நான். எனவே, ஒரே வாரத்தில் படித்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால், கதை நகரவே இல்லை. வந்தியத்தேவன் ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். உடனே ஏரியைப் பற்றிய வருணனை, ஆடிப்பெருக்கு விழா, பிறகு சைவர்களும் வைணவர்களும் செய்யும் வாதம். போர் எப்போது வரும் என்று பக்கங்களைப் புரட்டினேன். முதல் பாகத்தில் மட்டும் 57 அத்தியாயங்கள்! ஒன்பதாம் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டியுடன் தேக்காச் சந்தைக்குப் போனேன். காய்கறி வாங்கிய பின், உணவங்காடியில் தேநீர் அருந்த அமர்ந்தோம்.

“கதை எதுவரை வந்திருக்கிறது, தம்பி?” என்று பாட்டி கேட்டார்.

“விட்டுவிட்டேன் பாட்டி. ரொம்ப மெதுவாகப் போகிறது,” என்றேன் தயக்கத்துடன்.

பாட்டி கோபப்படவில்லை. “அது 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்த கதை. அப்போது நான் சிறுமி. ஊரில் என் அம்மா ஒவ்வொரு வாரமும் இதழுக்காகக் காத்திருப்பார். கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து வைப்பார். வாரத்திற்கு ஓரிரண்டு அத்தியாயங்கள்தான் வரும். ஏரியைப் பற்றிப் படித்தால், அந்த வாரம் முழுவதும் ஏரியைப் பற்றியே பேசுவோம்,” என்றார்.

“அப்படியென்றால், நான் விட்டது தவறா பாட்டி?”

“தவறில்லை. ஆனால், ஏன் விட்டாய் என்று உனக்குத் தெரியுமா? தமிழ் கடினமாக இருந்ததா? கதை பிடிக்கவில்லையா? அல்லது அவசரமா?”

நான் யோசித்தேன். சில சொற்கள் புரியவில்லை என்பது உண்மைதான். ஆனால், அது மட்டும் காரணம் அன்று. நான் நாவலைப் படிக்கவே இல்லை. படத்தில் பார்த்த காட்சிகளை அதில் தேடிக்கொண்டிருந்தேன்.

டேனியல் பென்னாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளரைப் பற்றி எங்கள் ஆசிரியர் ஒருமுறை கூறியது நினைவுக்கு வந்தது. அவரும் ஓர் ஆசிரியர்தான். வாசகருக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று அவர் 1992இல் வெளியிட்ட நூலில் எழுதினார். புத்தகத்தை முடிக்காமல் விடுவது அவற்றுள் ஒன்று. பக்கங்களைத் தாண்டிப் படிப்பதும் மீண்டும் படிப்பதும்கூட வாசகரின் உரிமைகளே.

மூன்று வாரத் தவணை முடியும் முன்பே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ‘ஒன்பதாம் அத்தியாயம்’ என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். பிறகு, மெல்லிய சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்தேன். அதை முழுமையாகப் படித்தேன்.

டிசம்பர் விடுமுறைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அப்போது வாரத்திற்கு இரண்டே அத்தியாயங்கள் படிக்கலாம் என்று பாட்டியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுவேன். ஆனால், இம்முறை காரணம் தெரிந்து விடுவேன்.

சிந்தித்துக் கலந்துரையாடுக: நீங்கள் பாதியில் விட்ட புத்தகம் எது? அதை விட்டதற்குப் புத்தகம் காரணமா, நீங்கள் படித்த விதம் காரணமா?