என்ன அழுக்கு? ஆர்.ஓ. பிளான்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு

பௌர்ணமிக்கு முதல் நாள் திருவண்ணாமலை வேங்கிக்கால் சாலையோரம் நின்று பாருங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறவர்களுக்கு நடுவே, தண்ணீர் கேன் அடுக்கிய வண்டிகள் கிரிவலப் பாதைக்கு விரைந்துகொண்டிருக்கும். கேனுக்குப் பின்னால் ஓர் ஆர்.ஓ. பிளான்ட், அதை ஓட்ட ஓர் ஆபரேட்டர். வேதியியல் பி.எஸ்சி., கெமிக்கல் டிப்ளமோ, ஐ.டி.ஐ. கெமிக்கல் ஆபரேட்டர் படித்தவர்களுக்கு ஏற்ற வேலை இது.

சுவிட்ச் போடவும் வால்வு திருப்பவும் ஒரு வாரத்தில் பழகிவிடும். சம்பளம் உயர்வது வேறொன்றால்: பிளான்ட்டின் வடிசவ்வான மெம்பிரேன் அடைத்துக்கொண்டால் ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும். பலரும் தண்ணீரில் எவ்வளவு அழுக்கு என்று பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். என்ன அழுக்கு என்று கேட்கிற ஆளைத்தான் முதலாளி விடமாட்டார்.

தூசிக்கும் மின்சுமை உண்டு

களிமண், நுண்மணல், பாக்டீரியா, மட்கிய இலையின் சாறு என எதை எடுத்தாலும், பி.எச். 7 வாக்கில் உள்ள தண்ணீரில் அதன் மேற்பரப்பில் பெரும்பாலும் எதிர் மின்சுமை இருக்கும். ஆர்.ஓ.வின் பாலிஅமைடு மெம்பிரேனுக்கும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதால், துகள்களில் பெரும்பகுதி ஒட்டாமல் ரிஜெக்ட் தண்ணீரோடு போய்விடும். இந்தத் தள்ளுதல் எவ்வளவு என்பதற்கான குறியீடுதான் ஜீட்டா பொட்டன்ஷியல், மில்லிவோல்ட்டில் சொல்வார்கள். அது சுழியத்தை நெருங்க நெருங்கத் துகள்கள் ஒன்றோடொன்று சேரும், மெம்பிரேனிலும் படியும்.

தள்ளுதலைக் கெடுப்பவை

*கால்சியம்.* திருவண்ணாமலை கருங்கல் பாறை பூமி. சோப்பு நுரைக்காத போர் தண்ணீரை இங்கே எல்லோரும் பார்த்திருப்பார்கள். கால்சியம் அயனிக்கு நேர் மின்சுமை இரண்டு. ஒரு கையால் துகளையும் மறு கையால் மெம்பிரேனையும் பிடித்துக்கொள்ளும். மட்குச் சாறும் கால்சியமும் சேர்ந்தால் கெட்டியான கூழ்ப் படலம் உருவாகும்; வெறும் தண்ணீர் விட்டு அலசினால் அது போகாது.

*உப்பு.* கரைந்த உப்பு கூடக் கூட, துகளைச் சுற்றியுள்ள மின்வளையம் சுருங்கி, தள்ளுதல் தளரும். சாயக் கழிவுநீரில் இந்தத் தொல்லை பெரிது. 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் இயங்கலாம் என்ற நிலை வந்தது. அங்கே சாயத்தோடு சாயமேற்றப் போட்ட உப்பும் சேர்ந்தே வருவதால், மெம்பிரேனுக்கு முன்னால் செய்யும் சுத்திகரிப்புக்கே பாதி உழைப்பு போகிறது.

*கூடுதல் மருந்து.* கலங்கல் தெளியப் பாட்டிமார் பானையில் தேற்றாங்கொட்டையை உரசினார்கள். பிளான்ட்டில் நாம் படிகாரமோ பி.ஏ.சி.யோ (பாலிஅலுமினியம் குளோரைடு) போடுகிறோம். துகளைத் திரட்டி அடியில் இறக்குவதுதான் இரண்டுக்கும் வேலை. ஆனால் 'கலங்கலா இருக்கு, இன்னும் கொஞ்சம் போடு' என்று அள்ளிவிட்டால், துகளின் சுமை எதிரிலிருந்து நேருக்கு மாறிவிடும். எதிர்ச் சுமையுள்ள மெம்பிரேனுக்கு அது பசை தடவிய தூசி. நேர்ச் சுமையுள்ள பாலிமர் மிஞ்சிப் போனால் இன்னும் ஆபத்து. சில சமயம் எந்தக் கழுவலுக்கும் அது அசையாது.

பௌர்ணமி ஓட்டம்

தேவை ஏறும்போது பிரஷரைக் கூட்டி அதிகத் தண்ணீர் எடுக்கச் சொல்வார்கள். தள்ளும் விசைக்கும் ஓர் எல்லை உண்டு. தண்ணீர் துகளை மெம்பிரேன் பக்கம் இழுக்கும் வேகம் அதை மீறினால், எதிர்ச் சுமையுள்ள துகளும் வந்து ஒட்டத்தான் செய்யும். ஒரு நாள் லாபத்துக்காக எல்லை தாண்டுவதைவிட, முந்தைய நாட்களில் நிதானமாக ஓட்டித் தொட்டியை நிரப்பி வைப்பது மேல். இதை முதலாளியிடம் கணக்கோடு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பழகிக்கொள்ள வேண்டியவை

1. ஃப்ளோ, பிரஷர், டி.டி.எஸ்., வெப்பநிலை நான்கையும் ஷிப்ட்தோறும் எழுதுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஃப்ளோ தானாகவே குறையும். அதைக் கழித்துப் பார்த்த பிறகும் 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது.
2. கழுவும்போது வழக்கமாகக் காரம் முதலில், அமிலம் பிறகு. உயிரிப் படலமும் மட்கும் காரத்தில் கழலும். சுண்ணாம்புப் படிவு அமிலத்தில் கரையும். படலத்தின் மேல் முதலிலேயே அமிலம் ஊற்றினால் அது இறுகிப்போகலாம்.
3. குளோரின் பாலிஅமைடை அரிக்கும். மெம்பிரேனுக்குப் போகும் தண்ணீரில் குளோரின் இல்லை என்று தினமும் உறுதிசெய்யுங்கள்.

நேர்காணலில்

'ஃப்ளோ குறைந்துவிட்டது, என்ன செய்வீர்கள்?' என்பது எதிர்பார்க்க வேண்டிய கேள்வி. 'ஆசிட் வாஷ் சார்' என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். 'முதல் மெம்பிரேனிலா, கடைசியிலா சார்?' என்று திருப்பிக் கேளுங்கள். துகளும் உயிரிப் படலமும் பெரும்பாலும் முன்வரிசையில் படியும். உப்புச் செறிவு கூடுவதால் சுண்ணாம்பும் சிலிக்காவும் கடைசி வரிசையில் படியும். இந்த ஒரு கேள்வியிலேயே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று நேர்காணல் செய்பவருக்குப் புரிந்துவிடும்.

கேன் கம்பெனியோடு நின்றுவிட வேண்டியதும் இல்லை. மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவு, ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் கழிவுநீர் நிலையங்கள், 2010இல் தொடங்கிய மீஞ்சூர், 2013இல் தொடங்கிய நெம்மேலி கடல்நீர் நிலையங்கள் எல்லாவற்றிலும் மெம்பிரேன்தான். அளவு மாறும், பாடம் மாறாது.

ஒரு தாள்

ஆர்.ஓ.வுக்குப் போகும் தண்ணீரை 0.45 மைக்ரான் வடிதாளில் 15 நிமிடம் விட்டுச் செய்யும் எஸ்.டி.ஐ. (சில்ட் டென்சிட்டி இன்டெக்ஸ்) சோதனையைக் கற்றுக்கொள்ளுங்கள். எண் 5க்குக் கீழே இருக்க வேண்டும், 3க்குக் கீழே என்றால் நிம்மதி. எண்ணை எழுதிவிட்டுத் தாளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். செம்பழுப்பு என்றால் இரும்பைச் சந்தேகியுங்கள்; கறுப்பு என்றால் கார்பன் ஃபில்டரின் தூள்; விரலில் வழவழத்தால் உயிரிப் படலம். தாளை உலர்த்தித் தேதி போட்டு லாக்புக்கில் ஒட்டுங்கள். எண் எவ்வளவு அழுக்கு என்று சொல்லும். என்ன அழுக்கு என்பதை அந்தத் தாள்தான் காட்டும்.