ஓய்வில்லாத கால்கள்: காற்பந்து அட்டவணையும் ஆட்டக்காரர்களின் காயங்களும்

2025ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் இரவு, புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் திரண்டிருந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் நானும் ஒருவன். மென்செஸ்டர் யுனைடெட் குழு, ஆசியான் ஆல் ஸ்டார்ஸ் குழுவைச் சந்தித்த நட்புமுறை ஆட்டம் அது. தமிழ்ப்பள்ளியில் படித்த காலம் முதல் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த சிவப்புச் சட்டைகளை நேரில் பார்க்கப் போகிறோம் என்ற ஆவலில், விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் நண்பர்கள் நால்வரும் டிக்கெட் வாங்கியிருந்தோம். ஆனால், வந்தவர்கள் ஓடவே இல்லை. பந்து பக்கத்தில் போனாலும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் பாதியில் மியன்மார் ஆட்டக்காரர் ஒருவர் அடித்த ஒரே கோலில் யுனைடெட் 1-0 எனத் தோற்றது. அரங்கமே கூச்சலிட்டுக் கேலி செய்தது. நானும் தொண்டை வறளக் கத்தினேன்.

எல்.ஆர்.டி.யில் திரும்பி வரும்போதுதான் கைப்பேசியில் அக்குழுவின் அட்டவணையைப் பார்த்தேன். மே 21இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் யூரோப்பா லீக் இறுதியாட்டம். மே 25இல் இங்கிலாந்து பிரிமியர் லீக்கின் கடைசி ஆட்டம். மே 28இல் கோலாலம்பூர். மே 30இல் ஹாங்காங். பத்து நாளில் நான்கு ஆட்டங்கள், நடுவில் பாதி உலகத்தைக் கடக்கும் விமானப் பயணம். இதற்கு முன்பே அந்தப் பருவத்தில் அவர்கள் 60 போட்டி ஆட்டங்களை ஆடி முடித்திருந்தார்கள். கத்தியது தவறென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை; பணம் கொடுத்தவன் கத்தத்தான் செய்வான். ஆனால், யாரைப் பார்த்துக் கத்தியிருக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

ஆட்டம் முடிந்த பிறகு உடலில் நடப்பது என்ன?

உயர்நிலைக் காற்பந்தில் ஒருவர் ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். தூரம் பெரிய சிக்கலில்லை. அந்தத் தூரத்துக்குள் எத்தனை முறை முழு வேகத்தில் பாய்ந்து, சட்டென்று நின்று, திரும்பி மீண்டும் பாய்கிறார் என்பதே சிக்கல். தொடையின் பின்புறத் தசை இதில் பிரேக்கைப் போல வேலை செய்கிறது. வேகமாக ஓடும்போது முன்னே வீசப்படும் காலைத் தரையில் ஊன்றுவதற்கு முன் இழுத்துப் பிடிப்பது இந்தத் தசைதான். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால் தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவை ஆறுவதற்கும், தசையில் சேமித்து வைத்த கிளைகோஜன் என்னும் எரிபொருள் மீண்டும் நிரம்புவதற்கும் இரண்டு மூன்று நாள்கள் தேவைப்படுகின்றன. எழுபத்திரண்டு மணி நேரம் என்ற கணக்கு அடிக்கடி பேசப்படுவது இதனால்தான்.

இனி ஓர் ஆய்வைப் பார்ப்போம். 2010இல் டுபோன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது அது. 32 தொழில்முறை ஆட்டக்காரர்களை இரண்டு பருவங்கள் கவனித்தார்கள். வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடியபோது, பயிற்சியிலும் ஆட்டத்திலும் கழித்த ஒவ்வோர் 1,000 மணி நேரத்துக்கும் 4.1 காயங்கள் ஏற்பட்டன. வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் ஆடியபோது அது 25.6 ஆனது. ஆறு மடங்கு! இதைவிட என்னைத் திகைக்க வைத்தது இன்னொரு முடிவு. ஓடிய தூரம், பாய்ச்சலின் வேகம் ஆகியவற்றை அளந்தபோது இரண்டு நிலைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, களைத்த கால் களைத்ததுபோல் ஓடுவதில்லை. பயிற்றுநர் திடல் ஓரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கிழியும் நொடிவரை தெரியாது.

இது எனக்குப் புதிய செய்தி அன்று. படிவம் நான்கில் மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டியில் இரண்டு நாளில் ஐந்து ஆட்டங்கள் ஆடினோம். நான்காவது ஆட்டம் முடிந்தபோது வலத் தொடையில் ஒரு சின்ன இழுப்பு. ஆசிரியர் மருந்தைத் தெளித்துவிட்டு, “போலே லாகி?” என்று கேட்டார். “போலே, சிகு” என்றேன். வேறு என்ன சொல்வேன்? அடுத்தது அரையிறுதி. அந்த ஆட்டத்தில் நன்றாகவே ஓடினேன். ஒரு கோலுக்கு வழியும் அமைத்துக் கொடுத்தேன். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தொடைக்குப் பின்னால் யாரோ கல்லால் அடித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. இரண்டு மாதம் நொண்டினேன். அதன்பின் பழைய வேகம் திரும்பவே இல்லை. ஆசிரியர் கேட்டார், நான்தான் முடியும் என்றேன் என்பதை இன்றும் மறக்கவில்லை.

பெத்ரியும் ரோட்ரியும்

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பார்சிலோனாவின் பெத்ரி 2020-21 பருவத்தில் கழகத்துக்கும் நாட்டுக்கும் சேர்த்து 73 ஆட்டங்கள் ஆடினார். அப்போது அவருக்கு வயது 18. அந்தக் கோடையில் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி முடிந்த கையோடு தோக்கியோ ஒலிம்பிக்கிற்கும் அனுப்பப்பட்டார். ஒலிம்பிக் இறுதியாட்டம் ஆகஸ்டு 7இல். பார்சிலோனாவின் அடுத்த பருவம் ஆகஸ்டு 15இல் தொடங்கியது. அந்த ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆனால், அடுத்த பருவம் முழுவதும் தொடைக் காயம், மீண்டும் தொடைக் காயம். பார்சிலோனாவுக்கு அவர் ஆடியவை 22 ஆட்டங்கள் மட்டுமே. என் தம்பியின் வயதுள்ள ஒருவனுக்கு இதைச் செய்தவர்கள் யார்? கழகம் தன் ஆட்டங்களைத்தான் ஆட வைத்தது. ஸ்பெயினும் தன் ஆட்டங்களைத்தான் ஆட வைத்தது. கூட்டித் தொகை பார்க்க ஒருவரும் இல்லை.

ரோட்ரியின் கதை வேறு மாதிரி. 2023-24இல் மென்செஸ்டர் சிட்டிக்கும் ஸ்பெயினுக்கும் சேர்த்து அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடினார். 2024 ஜூலையில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் காயமடைந்து பாதியிலேயே வெளியேறினார். செப்டம்பர் 17இல் செய்தியாளர்களிடம் பேசியபோது, ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலைக்கு நெருங்கிவிட்டார்கள் என்றார். ஐந்தே நாளில், செப்டம்பர் 22இல், அர்செனலுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். அக்டோபரில் தங்கப் பந்து விருதை ஊன்றுகோலுடன் வந்து வாங்கினார். மீண்டும் திடலுக்கு வந்தது 2025 மே மாதத்தில். தொடர்ந்து நான்கு முறை லீக் வென்ற சிட்டி, அவர் இல்லாத அந்தப் பருவத்தில் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரோட்ரியின் முழங்கால் களைப்பால்தான் கிழிந்தது என்று யாராலும் நிறுவ முடியாது. மூலை உதையின்போது ஏற்பட்ட நெருக்கடியில் நடந்தது அது. ஓய்வெடுத்த காலுக்கும் நடந்திருக்கலாம். யூஃபா 2001 முதல் நடத்திவரும் நீண்டகால ஆய்வும் முழுக்கத் துயரச் செய்தியை மட்டும் சொல்லவில்லை. பெரிய கழகங்களில் மொத்தக் காயங்களின் விகிதம் பதினெட்டு ஆண்டுகளில் குறைந்தே வந்திருக்கிறது. மருத்துவமும் பயிற்சியும் அவ்வளவு முன்னேறியிருக்கின்றன. ஆனால், அதே ஆய்வில் பின்தொடைத் தசைக் காயங்கள் மட்டும் எதிர்த்திசையில் போயின. 2001-02இல் மொத்தக் காயங்களில் 12 விழுக்காடாக இருந்தவை 2021-22இல் 24 விழுக்காடாயின. மற்ற காயங்களைக் குறைக்க முடிந்த மருத்துவர்களுக்கு இதை மட்டும் குறைக்க முடியவில்லை. ஆட்டம் வேகமாகிவிட்டது என்பது ஒரு காரணம். ஆற வேண்டிய நாள்களை மருத்துவரால் உண்டாக்கித் தர முடியாது என்பது மற்றொரு காரணம் எனக் கருதுகிறேன்.

ஆளுக்கு ஓர் ‘அசைன்மென்ட்’

பல்கலைக்கழக மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஐந்து விரிவுரையாளர்கள், ஒரே வாரத்தில் ஆளுக்கோர் இடுபணி. ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டால், “நான் ஒன்றுதானே கொடுத்தேன்?” என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். காற்பந்திலும் அப்படியே. யூஃபா தன் வெற்றியாளர் லீக்கின் முதல் சுற்றை 2024-25இல் ஆறு ஆட்டங்களிலிருந்து எட்டாக உயர்த்தியது. நடுவிடங்களில் முடிப்பவர்களுக்கு மேலும் இரண்டு. ஏழு கழகங்களுடன் நடந்த கழக உலகக் கிண்ணத்தை ஃபிஃபா 32 கழகங்களாக்கி 2025 ஜூன், ஜூலையில் அமெரிக்காவில் நடத்தியது. பரிசுத்தொகை மட்டும் 100 கோடி டாலர். அதில் வாகை சூடிய செல்சி ஜூலை 13இல் இறுதியாட்டத்தை முடித்து, ஆகஸ்டு 17இல் புதிய லீக் பருவத்தின் முதல் ஆட்டத்தில் இறங்கியது. சரியாக ஐந்து வாரம். இதற்குள் விடுமுறை, உடற்பயிற்சி, முன்னோட்ட ஆட்டங்கள் எல்லாம் முடிய வேண்டும். உலகக் கிண்ணமும் 2026க்கு 48 நாடுகள், 104 ஆட்டங்கள் என விரிவாக்கப்பட்டது. 2022இல் அது 64தான்.

உள்நாட்டுப் போட்டிகளும் சளைத்தவை அல்ல. 2019 டிசம்பர் 17இல் லிவர்பூல் இங்கிலாந்து லீக் கிண்ணக் காலிறுதியை பர்மிங்ஹாமில் ஆட வேண்டும். மறுநாள் 18இல் கழக உலகக் கிண்ண அரையிறுதியைத் தோஹாவில் ஆட வேண்டும். இரண்டையும் தள்ளிவைக்க முடியவில்லை. கழகம் பதின்ம வயது இளைஞர்களைக் காலிறுதிக்கு அனுப்பி 5-0 எனத் தோற்றது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. ஒரே கழகத்தை இரண்டு கண்டங்களில் ஒரே நேரத்தில் ஆட வைத்த அட்டவணையை வேறெந்தத் துறையில் பார்க்க முடியும்?

ஃபிஃப்புரோ என்னும் அனைத்துலக ஆட்டக்காரர் சங்கம் வெளியிட்ட ஒரு கணக்கு இதைவிடத் தெளிவானது. டேவிட் பெக்கம் 21 வயதை எட்டுமுன் ஆடியவை 54 ஆட்டங்கள். ஜூட் பெல்லிங்ஹாம் அதே வயதுக்குள் ஆடியவை 251.

“கோடிக்கணக்கில் வாங்குகிறார்களே!”

மாமாக் கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். வாரத்துக்கு இலட்சக்கணக்கான பவுன் வாங்குபவன் ஓடட்டுமே! இந்த வாதத்தை நான் முழுமையாக ஒதுக்கவில்லை. என் அப்பா வாரத்துக்கு ஆறு நாள் லாரி ஓட்டியவர். அவருக்கு எழுபத்திரண்டு மணி நேர ஓய்வை யாரும் பரிந்துரைத்ததில்லை. ஆனால், சம்பளம் தசையை ஆற்றுவதில்லை. பெரிய கழகத்தில் இல்லாத, பெயர் தெரியாத ஆட்டக்காரர்களுக்கு முப்பது வயதில் ஒரு கிழிவு வந்தால் அடுத்த ஒப்பந்தமே இல்லை என்பதையும் நாம் நினைப்பதில்லை.

நமக்கும் இதில் பங்குண்டு. லிவர்பூலின் யூர்கன் கிளோப் 2020இல் சனிக்கிழமை நண்பகல் 12.30 ஆட்டத்தைக் கடுமையாகக் குறைகூறினார். புதன் இரவு எட்டு மணிக்கு ஐரோப்பியப் போட்டி ஆடிய குழுவுக்கு, அது முடிந்து சனி நண்பகல் வரை 63 மணி நேரம்கூடக் கிடைக்காது. அந்த நேரத்தைத் தீர்மானிப்பது தொலைக்காட்சி ஒளிபரப்பு. இங்கிலாந்தில் நண்பகல் 12.30 என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 8.30. தே தாரிக்கும் ரொட்டி சானாயும் வரவழைத்து உட்கார இதைவிட வசதியான நேரம் உண்டா? நள்ளிரவு தாண்டி நடக்கும் ஆட்டங்களைவிட எனக்கும் அதுவே பிடிக்கும். இன்றும் பிடிக்கிறது. அதை மறைத்துப் பயனில்லை.

தீர்வே இல்லை என்றும் கூற முடியாது. ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் என்ற விதி 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் தற்காலிகமாக வந்தது. சிறிய கழகங்கள் எதிர்த்ததால் பிரிமியர் லீக் அடுத்த இரண்டு பருவங்களுக்கு அதை ஏற்காமல், 2022-23இல்தான் நிலையாக ஏற்றது. எஃப்.ஏ. கிண்ணத்தில் சமநிலை ஆனால் மறு ஆட்டம் என்ற பழைய மரபு 2024-25இல் முதன்மைச் சுற்றுகளிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால், அதே பருவத்தில் இங்கிலாந்தின் குளிர்கால இடைவெளியையும் நீக்கிவிட்டார்கள்! 2024 அக்டோபரில் ஃபிஃப்புரோவின் ஐரோப்பியப் பிரிவும் லீக்குகளும் ஃபிஃபா மீது ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தன. 2025 ஜூலையில் ஃபிஃபா, ஆட்டங்களுக்கிடையே 72 மணி நேரமும் பருவ முடிவில் 21 நாள் விடுமுறையும் வேண்டும் என்று அறிவித்தது. அந்தக் கூட்டத்தில் ஃபிஃப்புரோ இல்லை.

என்னைக் கேட்டால், ஓர் ஆட்டக்காரர் கழகத்துக்கும் நாட்டுக்கும் சேர்த்து ஒரு பருவத்தில் இத்தனை ஆட்டங்கள்தான் ஆடலாம் என்று ஒரு வரம்பு வேண்டும். முடியுமா என்று அவரையே கேட்பதில் பொருளில்லை. அவர் முடியும் என்றுதான் சொல்வார்.

கடந்த தவணையில் எங்கள் விடுதிக் காற்பந்துப் போட்டியின் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தேன். வழக்கமாக ஒரே நாளில் நடக்கும் போட்டி. இறுதிக்குப் போகும் குழு காலை முதல் மாலைவரை ஐந்து ஆட்டங்கள் ஆடும். ஒரு குழுவுக்கு ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம், இரண்டு சனிக்கிழமைகளில் நடத்துவோம் என்றேன். திடல் வாடகை இரு மடங்காகும் என்று பொருளாளர் தலையில் கைவைத்தார். இரண்டு மணி நேரம் வாதாடியபின் பரிசுக் கிண்ணத்தின் அளவைக் குறைத்து வாடகையைச் சமாளித்தோம். பதிவுசெய்த பன்னிரண்டு குழுக்களில் இரண்டு, இரண்டாவது சனிக்கிழமை ஊருக்குப் போக வேண்டும் என்று விலகிக்கொண்டன. மற்ற பத்தும் ஆடின.