அழுகிய தேங்காயும் குண்டுமணிக் கண்ணும்

ஆவணி பிறந்து பிள்ளையார் சதுர்த்தி நெருங்கினால், சின்னசேலம் கடைவீதியில் களிமண் பிள்ளையாரும் காகிதக் குடையும் எருக்கம்பூ மாலையும் வந்துவிடும். பூஜைக்கு ஏற்பாடு செய்கிறவர்களுக்குக் கூடவே ஒரு பயமும் வந்துவிடுகிறது: அபசகுனமாக எதுவும் நடந்துவிடக் கூடாதே! அந்தப் பயம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்பதுதான் என் வருத்தம்.

உடைத்த தேங்காய் அழுகியிருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது நம்பிக்கை. அன்று முழுக்க வீட்டில் யார் முகத்திலும் சிரிப்பு இருக்காது. "யார் செஞ்ச பாவமோ" என்று பேச்சு கிளம்பும். பழி பெரும்பாலும் மருமகள் தலையில் விழும். நடந்தது இவ்வளவுதான்: தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மெல்லியது, முளை வெளியே வருவதற்கான வழி அது. குடுமியைப் பிய்த்துவிட்டால் அந்தக் கண் மூடாக்கில்லாமல் நிற்கும். ஈரமும் பூஞ்சையும் அதன் வழியாகவோ, ஓட்டில் விழுந்த மயிரிழை விரிசல் வழியாகவோ உள்ளே போய்விடும். மூட்டையில் வெக்கையில் நாள்கணக்காகக் கிடந்த காய் கெடாமல் என்ன செய்யும்? குடுமியோடு வாங்குங்கள். காதருகே ஆட்டிப் பாருங்கள், தண்ணீர் சளசளக்க வேண்டும். கண் பக்கம் ஈரக்கசிவோ புளித்த வாடையோ இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். இவ்வளவு பார்த்தும் அழுகியிருந்தால் இன்னொன்றை உடையுங்கள், மருமகளை விட்டுவிடுங்கள். உள்ளே 'பூ' இருந்தால் அதிர்ஷ்டம் என்பதும் இதே கதைதான். முற்றிய காய் முளைக்கத் தொடங்கியிருக்கிறது, தாராளமாகச் சாப்பிடலாம்.

சிலை பெரிதானால் பலனும் பெரிது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகள் கூடாது என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020-லேயே நெறிமுறை வெளியிட்டுவிட்டது. கல்வராயன் மலையிலிருந்து வரும் கோமுகி ஆற்றில் கரைப்பதற்குக் கைப்பிடிக் களிமண் போதும்.

உண்மையில் அஞ்ச வேண்டியவை தட்டிலேயே இருக்கின்றன.

கற்பூரப் புகை காற்றைச் சுத்தமாக்கும் என்கிறார்கள். ஆரத்தித் தட்டின் அடியில் படியும் கரியைப் பாருங்கள். அதில் ஒரு பங்கு மூச்சிலும் போகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் சின்ன வில்லை ஒன்று போதும், ஜன்னலும் திறந்திருக்கட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, கற்கண்டு என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொள்வது. சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

"சாமிக்குப் பறிக்கிற பூ, ஒண்ணும் பண்ணாது" என்று நெடுஞ்சாலை ஓரத்து எருக்கில் பிள்ளைகளைப் பூப்பறிக்க அனுப்புகிறோம். காம்பைக் கிள்ளியதும் பால் வடியும். அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். பெரிய வலி இல்லாமலேயே இது நடக்கலாம் என்பதால் பலர் தாமதமாகத்தான் மருத்துவரிடம் போகிறார்கள். தாய்ப்பாலோ எண்ணெயோ விடாதீர்கள். சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, பிள்ளையாரின் கண். கறுப்புப் பொட்டு வைத்த அந்தச் சிவப்புக் குண்டுமணி பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்தது என்பதால் மங்கலப் பொருளாகவே பழகிவிட்டோம். அதற்குள் இருப்பது அப்ரின் என்ற கொடிய நஞ்சு. முழுதாக விழுங்கினால் கெட்டியான தோல் காப்பாற்றிவிடக்கூடும். மென்றுவிட்டால் ஒற்றை விதையே குழந்தையின் உயிரைப் பறிக்கலாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் பல மணி நேரம் கழித்தே தொடங்கலாம்; முறிவு மருந்தும் கிடையாது. நன்றாகத்தானே இருக்கிறான் என்று வீட்டில் வைத்திருக்காமல், உடனே கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மூன்றாம் நாள் கரைக்கும்போது கண்ணை நோண்டி எடுத்து விளையாடுவதும் பிள்ளைகள்தான். அதனால் வாங்கும்போதே, குண்டுமணிக்குப் பதில் மிளகு வைத்துத் தரச் சொல்லுங்கள்.