அலுப்பு வேறு, தெம்பு வேறு

"நாள் பூரா நின்னபடி வேலை. எனக்கு எதுக்கு வாக்கிங்?" கடலூரிலும் சிதம்பரத்திலும் நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் நடக்கச் சொன்னால் வரும் பதில் இது. அலுத்துப்போவதால் மட்டும் இதயத்துக்குத் தெம்பு வந்துவிடாது. சிகாகோ வட்டாரத்தில் 1992-இல், நோய் அறிகுறி இல்லாத 5,721 பெண்களை டிரெட்மில்லில் ஏற்றிச் சோதித்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்க உடல் செலவிடும் சக்திக்கு ஒரு 'மெட்' என்று பெயர். தாங்கும் உழைப்பு ஒரு மெட் கூடும்போதெல்லாம் இறப்பு அபாயம் 17 சதவீதம் குறைவாக இருந்ததாக 2003-இல் எழுதினார்கள்.

செய்ய வேண்டியவை

• வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை. சில்வர் பீச்சில் ஈரமணல் ஓரமாகப் போகலாம். சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதிகள் இருக்கின்றன. பேச முடியவேண்டும், பாட மூச்சு வரக்கூடாது. பக்கத்து வீட்டம்மாவோடு ஊர்க்கதை தடையில்லாமல் ஓடினால் வேகம் போதவில்லை.

• வாரம் 2 நாள் தசைக்கும் வேலை. கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்குங்கள்.

• கர்ப்பகாலத்தில் பிரஷரோ சர்க்கரையோ வந்திருந்தால், பிள்ளைக்கு இருபது வயதானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

• அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் பிரஷர், சர்க்கரை பார்க்க வீட்டுக்கு வந்தால் மாமியாரோடு நிறுத்தாமல் நீங்களும் கையை நீட்டுங்கள். மாதவிடாய் நின்றவர்கள் அவசியம்.

செய்யக்கூடாதவை

• நெஞ்சு இறுக்கத்தை 'வாய்வு' என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். பெண்களுக்குத் தாடை, முதுகு, தோள் வலியாகவும் வரும். மூச்சுத்திணறல், குமட்டல், காரணமில்லாத வியர்வை, திடீர்ச் சோர்வாகவும் வரும். வீட்டுக்காரர் வரட்டும், உலை இறங்கட்டும் என்று காத்திருப்பதில்தான் பல உயிர் போகிறது. உடனே 108. 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தருகிறார்கள். வலி குறைந்தாலும் அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும்.

• சர்க்கரையோ நெஞ்சுவலியோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓட்டத்தில் இறங்க வேண்டாம்.

• நடக்கத் தொடங்கியாயிற்றே என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

• ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள். கருவாட்டுக் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள அப்பளமும் ஊறுகாயும் வேண்டாமே! கருவாட்டை விடச்சொல்ல எனக்கும் மனசில்லை.