பழைய டிஸ்க், புது விண்டோஸ்: 'கிளீன்' அடிக்க முன்னம் ஒரு நிமிஷம்



இந்த வார எபிசோடில தங்கச்சிட கம்ப்யூட்டர் கதையைப் பாதியில விட்டுட்டன். மீதி இங்கே.

அப்பாவின் பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய 500 ஜிபி எஸ்எஸ்டியை அவளுடைய டெஸ்க்டாப்பில் பூட்டி, விண்டோஸ் 11 போடத் தொடங்கினேன். டிஸ்க்கைத் தெரிவு செய்யும் இடத்திலேயே மறுத்துவிட்டது: "இது எம்பிஆர் டிஸ்க். இந்த கம்ப்யூட்டரில் ஜிபிடி டிஸ்க்கில்தான் போடலாம்" என்ற மாதிரி ஒரு செய்தி. டிஸ்க் பழுது எண்டு நினைச்சுடாதீங்கோ.

என்ன வித்தியாசம்?

டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடியுது என்று சொல்ல ஓர் அட்டவணை இருக்கு, புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. எம்பிஆர் 1983-இல் வந்த முறை. நாலு முதன்மைப் பகுதிகள்தான் வைக்கலாம். சாதாரண டிஸ்க்கில் சுமார் 2 டிபிக்கு மேல் எட்டாது. ஜிபிடி, யூஈஎஃப்ஐயோடு வந்த முறை. விண்டோஸில் 128 பகுதிகள் வரை வைக்கலாம். அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும்.

மாற்றுவது எப்படி?

இங்கே தமிழில் எழுதினாலும், கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் டைப் பண்ணவேணும்.

1. இன்ஸ்டால் திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அமத்துங்கோ. கறுப்பு ஜன்னல் திறக்கும்.
2. 'டிஸ்க்பார்ட்' என்று அடியுங்கோ.
3. 'லிஸ்ட் டிஸ்க்'. எம்பிஆர் டிஸ்க்குக்கு நேரே, ஜிபிடி என்ற இடத்தில் நட்சத்திரம் இருக்காது.
4. 'செலக்ட் டிஸ்க்', பிறகு அதன் எண்.
5. 'கிளீன்'.
6. 'கன்வர்ட் ஜிபிடி'.

ஜன்னலை மூடி, டிஸ்க் பட்டியலை ரிஃப்ரெஷ் செய்து, வெறும் இடத்தைத் தெரிவு செய்தால் விண்டோஸ் தானே பகுதிகளைப் பிரித்துக்கொள்ளும்.

நான் விட இருந்த பிழை

மூன்றாவது படியில் இரண்டு டிஸ்க்குகள் தெரிந்தன. இரண்டும் 465 ஜிபி. (500 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் அப்படித்தான் காட்டும்.) இரண்டிலும் நட்சத்திரம் இல்லை. ஒன்று எஸ்எஸ்டி. மற்றது, அப்பாவின் படங்களைக் கொப்பி பண்ணி வைத்த யூஎஸ்பி டிஸ்க், கழற்ற மறந்துபோனேன். லேப்டாப்பை எடுக்கும்போது அப்பா ஒன்றுதான் சொன்னவர்: "தம்பி, அம்மம்மாட வீடியோ எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. கவனம்." அம்மம்மா இப்ப இல்லை.

நான் 'செலக்ட் டிஸ்க் 1' அடித்து, 'கிளீன்' என்றும் டைப் பண்ணிட்டேன். என்டர் அமத்தவில்லை. ஏதோ ஒரு சந்தேகம். அதை அழித்து 'டீடெய்ல் டிஸ்க்' அடித்தேன். வகை: யூஎஸ்பி. கை நடுங்கிச்சுது.

'கிளீன்' உங்களிடம் "நிச்சயமா?" என்று ஒருதரமும் கேட்காது. என்டர் அமத்தின உடனே பொருளடக்கம் போயிடும். அதனால்:

- மாற்றும் டிஸ்க்கையும் இன்ஸ்டால் யூஎஸ்பியையும் தவிர எல்லாத்தையும் கழற்றுங்கோ.
- 'டீடெய்ல் டிஸ்க்' அடித்து மாடல் பெயரை வாசியுங்கோ.
- முக்கியமானது இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

டிஸ்க்கில் ஏற்கெனவே விண்டோஸ் 10 ஓடுதா? அழிக்காமலே மாற்ற, 2017-இல் இருந்து 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி அதற்குள்ளேயே இருக்கு. முதல் 'வேலிடேட்' போட்டுப் பாருங்கோ. மாற்றின பிறகு பயோஸில் யூஈஎஃப்ஐ முறைக்கு மாறவேணும். அதுக்கும் பேக்கப் கட்டாயம்.

தங்கச்சிட கம்ப்யூட்டர் இப்ப நல்லா ஓடுது. அம்மம்மாட வீடியோ மூன்று இடத்தில் இருக்கு. அடுத்த வாரம் சந்திப்போம்!