நீர் போகும் வழி

மழை ஓய்ந்து ஆறு மணி நேரம் கடந்த பின்னும் ஒரு தெருவில் முழங்காலளவு நீர் நிற்கிறது. அடுத்த தெருவோ காய்ந்து கிடக்கிறது. தரைத்தளத்து வீடுகளில் அரிசியும் பாயும் பாடநூல்களும் நனைந்துவிட்டன. தங்கள் தெருவின் மழைநீர் வடிகாலைப் பெரிதாகக் கட்டித்தருமாறு மக்கள் மாநகராட்சிக்கு மனுக் கொடுக்கின்றனர். மனுவில் நியாயம் உண்டு. ஆயினும், நீர் நிற்கும் இடமும் பழுது நேர்ந்த இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பழுது, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் வடிகால் ஆற்றில் கலக்கும் வாயிலில் இருக்கலாம். அதனைக் கண்டறியவே பொறியாளர்கள் நகரின் நீர்வழிகளைக் கணினியில் மாதிரியாக வரைகின்றனர்.

ஒரு எக்டேர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் ஒரு இலட்சம் லிட்டர். ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் ஐந்து இலட்சம் லிட்டர். அந்நிலம் புல்வெளியோடு கூடிய மணற்பாங்கான நிலமாயின் பெரும்பகுதியை மண்ணே உறிஞ்சிக்கொள்ளும். அதுவே கூரையும் தார்ச்சாலையுமாக மாறிவிட்டால் பத்தில் ஒன்பது பங்குவரை உடனே வடிகாலை நோக்கி ஓடும். மழை மாறவில்லை, நிலத்தின் மேற்பரப்பு மாறியிருக்கிறது.

ஓடும் நீரின் இயல்பை விளக்கும் சமன்பாடுகளைப் பிரான்சு நாட்டு அறிஞர் செயிண்ட் வெனன்ட் 1871ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டார். ஆனால், ஒரு நகரின் ஆயிரக்கணக்கான குழாய்களுக்கு அவற்றைக் கையால் கணக்கிட முடியாது. கணினி வந்த பின்பே அது கைகூடியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முயற்சியால் 1971இல் உருவான மழைநீர் மேலாண்மை மாதிரி, பல திருத்தங்களைப் பெற்று இன்றும் கட்டணமின்றி உலகெங்கும் பயன்படுகிறது.

இத்தகைய மாதிரியில் நகரம் சிறுசிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொன்றின் பரப்பு, சரிவு, நீர் புகாத மேற்பரப்பின் விழுக்காடு ஆகியவை உள்ளிடப்படுகின்றன. வடிகால்கள் கோடுகளாகவும் அவை கூடும் சந்திகள் புள்ளிகளாகவும் அமைகின்றன. பிறகு, முன்பு பெய்த ஒரு மழையைத் திரையில் பெய்வித்துப் பார்க்கின்றனர். கணினி காட்டும் வெள்ளமும் அன்று வீட்டுச் சுவர்களில் படிந்த நீர்க்கறையின் உயரமும் ஒத்துப்போகும்வரை மாதிரியைத் திருத்துகின்றனர். அவ்வகையில் கறை படிந்த சுவரும் அதைக் காட்டும் முதியவரும் இக்கணக்கிற்குச் சான்றாகின்றனர்.

இனி, அந்த மனுவுக்கு வருவோம். வட்டக் குழாயின் விட்டத்தை இருமடங்காக்கினால், அதே சரிவில் அது கொண்டுசெல்லும் நீர் ஆறு மடங்குக்கும் மேல் உயரும். கேட்பதற்கு இது நல்ல தீர்வே. ஆனால், சென்னை ஏறத்தாழச் சமதளமான கடற்கரை நகரம். அதன் வடிகால்கள் அடையாறு, கூவம், கொசத்தலையாறு, பக்கிங்காம் கால்வாய், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஆகியவற்றில் சென்று கலக்கின்றன. கடலில் ஓதம் உயர்ந்திருக்கும்போதோ கழிமுகத்தை மணல்திட்டு அடைத்திருக்கும்போதோ ஆற்றின் நீர்மட்டம் எளிதில் இறங்காது. வடிகாலின் வாய் ஆற்றுநீரில் மூழ்கிவிட்டால், எவ்வளவு பெரிய குழாயும் தேங்கி நிற்கும் தொட்டியே. சில வேளைகளில் ஆற்றுநீர் அதன் வழியே தெருவுக்குள் எதிர்த்து ஏறும். மேட்டுத் தெருவின் வடிகாலை மட்டும் பெரிதாக்கினால், அத்தெருவின் வெள்ளம் தாழ்வான தெருவுக்கு இன்னும் விரைவாகச் சென்று சேரும். ஒருவர் துயரம் மற்றவர் வாசலுக்கு இடம்மாறும். எந்தத் தெரு எவ்வளவு பாதிக்கப்படும் என்பதைக் கட்டுமானத்திற்கு முன்பே எண்களில் காட்டுவதுதான் மாதிரியின் தனிப்பயன். ஏரியும் கலங்கலும் கால்வாயும் அமைத்து, மிகுநீரை ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு அனுப்பிய பழைய ஏரித்தொடரின் அருமையும் இக்கணக்கில் புலப்படும்; நீரை விரைந்து வெளியேற்றுவதைவிடச் சிறிது நேரம் தேக்கிவைப்பதே பல இடங்களில் பயன் தருகிறது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயின. அடையாறு கரைபுரண்டது. தெரு வடிகாலை மட்டும் ஆராய்ந்தால் அந்த வெள்ளம் விளங்காது. ஏரி, ஆறு, கடல் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவ்வாறு மழை முன்னறிவிப்பையும் ஆற்றோட்டத்தையும் ஓதத்தையும் இணைத்துக் கணிக்கும் வெள்ள எச்சரிக்கை அமைப்பு, சென்னைக்கென 2019இல் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தில் தொடங்கப்பட்டது.

கழிவுநீருக்கும் இதில் பங்குண்டு. சென்னையில் மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் வெவ்வேறானவை. வரைபடத்தில் அப்படித்தான் இருக்கின்றன. நடைமுறையில், சில வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் மழைநீர் வடிகாலில் இணைக்கப்படுகின்றன; மாடியில் விழும் மழைநீர் சில இடங்களில் பாதாளச் சாக்கடைக்குள் விடப்படுகிறது. மழைநாளில் நீரேற்று நிலையத்தின் திறனை மீறி நீர் வந்து சேரும்போது, சாலையின் மூடிகளைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் மேலெழுகிறது. வரைபடத்தில் இல்லாத இந்த இணைப்புகளை நேரில் தேடி மாதிரியில் சேர்க்காவிட்டால் கணக்குப் பிழைபடும்.

வண்டலும் அப்படியே. ஒரு மீட்டர் ஆழமுள்ள வடிகாலில் அரை மீட்டருக்கு மண்ணும் நெகிழியும் படிந்திருப்பதைக் கணினி தானாக அறியாது. எனவே, பருவமழைக்கு முன் மூடியைத் திறந்து அளவுகோலை இறக்கி, அடியில் எவ்வளவு மண் இருக்கிறது எனப் பார்த்துக் குறித்துவரும் பணியாளரின் எண்ணைக்கொண்டே பொறியாளர் தம் கணக்கைத் தொடங்குகிறார்.